கம்ப்ரஸர் ப்ளேடு எங்கே விரிசல் விட்டது? அறிகுறியைப் பார்த்து டிசைனைத் திருத்தும் வழி

விமான இன்ஜினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரில் எங்காவது தகைவு (உலோகத்தின் ஒவ்வொரு பரப்பலகும் தாங்கும் விசை) எல்லை மீறினால், சுற்றி நிற்கும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: “கொஞ்சம் தடிமன் கூட்டிவிடலாமே.” பாலத்துக்குச் சரி, மேசைக்காலுக்கும் சரி. சுழலும் பொருளுக்கு அது சரிப்பட்டு வராது. அங்கே பெரிய சுமை வெளியிலிருந்து வருவதில்லை. ப்ளேடின் எடைதான் ப்ளேடுக்குச் சுமை. 100 கிராம் ப்ளேடு ஒன்றின் எடைமையம் அச்சிலிருந்து 27.5 செ.மீ. தள்ளி இருக்கிறது, ப்ளேடுகளைச் சுமந்து சுழலும் ரோட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். அது தன் அடிப்பகுதியை 43 கிலோநியூட்டனுக்கு மேல் இழுக்கும். ஏறக்குறைய 4.4 டன். உள்ளங்கையில் அடங்கும் துண்டிலிருந்து ஒரு கொம்பன் யானையைத் தொங்கவிட்ட கதை. உலோகத்தைச் சேர்த்தால் யானையும் கூடவே பெருத்துவிடும்.

ஆகவே கீழே வரும் திருத்தங்களில் பாதிக்கு மேல் உலோகத்தை எங்கிருந்து எடுப்பது என்பதைப் பற்றியவை. எண்களுக்காக ஒரு மாதிரி நிலையை (கம்ப்ரஸரில் ஒரு வரிசை ப்ளேடுகள்) எடுத்துக்கொள்கிறேன்: ப்ளேடின் அடி ஆரம் 20 செ.மீ., நுனி ஆரம் 35 செ.மீ., உச்ச வேகம் 12,000 சுற்று, உலோகம் டைட்டேனியம் 6-4 என்னும் கலவை. எந்த நிஜ இன்ஜினின் எண்களும் அல்ல. ஆனால் நம்ப முடியாத எண்களும் அல்ல.

திருத்தும் முன் நான்கு கேள்விகள்

விரிசல் எந்த இடத்தில்? எத்தனை மணி நேர ஓட்டத்தில் வந்தது? அந்த நிலையில் உள்ள எல்லா ப்ளேடுகளிலுமா, சிலவற்றில் மட்டுமா? அதிர்வு அளந்திருந்தால், அதன் அதிர்வெண் சுழற்சி வேகத்தின் முழு மடங்கா, இல்லையா?

இரண்டாவது கேள்வியை யாரும் மதிப்பதில்லை. அதுதான் பாதி வழக்கை முடித்துவைக்கும். 1,000 ஹெர்ட்ஸில் அதிரும் ப்ளேடு ஒரு கோடி சுழல்களை (ஒரு முழு ஆட்டம் ஒரு சுழல்) முடிக்க இரண்டே முக்கால் மணி நேரம் போதும். அதிர்வினால் வரும் அயர்ச்சி (திரும்பத் திரும்ப வரும் சுமையில் உலோகம் களைத்து விரிசல் விடுவது) என்றால் சோதனை மேடையிலேயே, சில நேரம் முதல் நாளிலேயே, ப்ளேடு போய்விடும். மாறாக, விரிசல் ஆயிரக்கணக்கான பறப்புகளுக்குப் பிறகு வந்தால், ஒவ்வொரு முறை இன்ஜினை ஏற்றி இறக்கும்போதும் ஒரு சுழல் என்று கணக்கு ஓடியிருக்கிறது. முன்னதற்கு அதிர்வைப் பிடிக்க வேண்டும். பின்னதற்கு நிலையான தகைவையும் அது குவியும் மூலையையும் பிடிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் தவறான இடத்தில் தோண்டியவர்களில் நானும் ஒருவன்.

அறிகுறி: இன்னும் எதுவும் உடையவில்லை, கணக்கிலேயே அடித்தகைவு அதிகம்

அதிர்ஷ்டசாலி நீங்கள். காகிதத்தில் இருக்கும்போதே பிடித்துவிட்டீர்கள்.

அடியிலிருந்து நுனிவரை ஒரே வெட்டுப்பரப்புள்ள ப்ளேடுக்கு அடித்தகைவு என்பது அடர்த்தி, கோண வேகத்தின் வர்க்கம், நுனி ஆர வர்க்கத்துக்கும் அடி ஆர வர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, இந்த மூன்றின் பெருக்கல். நம் மாதிரிக்கு 289 மெகாபாஸ்கல் வருகிறது. இந்தச் சூத்திரத்தில் வெட்டுப்பரப்பு எங்கே என்று தேடிப் பாருங்கள். இல்லை! ப்ளேடை இரண்டு மடங்கு தடியாக்கினாலும் அதே 289தான். இழுவிசையும் இரட்டித்துவிடும், தாங்கும் பரப்பும் இரட்டித்துவிடும். கூடுதல் எடையைச் சுமக்கப்போவது ப்ளேடுகள் பொருந்தியிருக்கும் வட்டு, அதாவது டிஸ்க். ஆக, தடிமன் கூட்டியவர் தன் தலைவலியைப் பக்கத்து மேசைக்காரருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

வேலை செய்வது குறுக்கம். நுனிப் பரப்பை அடிப் பரப்பின் 40 சதவீதமாக்கி, இடையில் நேர்கோட்டில் குறைத்துக்கொண்டே போனால், தகைவு 194 மெகாபாஸ்கலுக்கு இறங்கும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. சேர்த்தது எதுவுமில்லை, எடுத்ததுதான். நுனியில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் அடியில் இருப்பதைவிட அதிக ஆரத்தில் சுற்றுகிறது, அதோடு முழு ப்ளேடும் அதைச் சுமக்கிறது. அதனால் எடுப்பதென்றால் நுனியிலிருந்து எடுங்கள்.

அடுத்தது அடர்த்தி. இதே வடிவத்தை எஃகில் செய்தால், குறுக்கம் இல்லாத கணக்கு 511 மெகாபாஸ்கலுக்குப் போகும். முன் நிலைகளின் நீண்ட ப்ளேடுகள் டைட்டேனியத்தில் வருவது இதற்காகத்தான். அதன் வலிமையைவிட, வலிமையோடு சேர்ந்த இலேசுதான் காரணம்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் வேகத்தையோ வளையப் பரப்பையோ (அடிக்கும் நுனிக்கும் இடையே காற்று போகும் வளையத்தின் பரப்பு) குறைக்க வேண்டும். தகைவு, வளையப் பரப்பையும் வேக வர்க்கத்தையும் பெருக்கி வரும் எண்ணோடு நேராக ஏறும். காற்றியக்கக் குழு எந்த அளவுக்குப் பரப்பு கேட்கலாம் என்பதற்கு அந்த ஒரு எண்ணே வேலி. இந்தப் பேச்சை டிசைனின் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வைத்தால் அது பேச்சாக இருக்காது, சண்டையாக இருக்கும்.

காற்று தள்ளுவதால் வரும் வளைவுத் தகைவு தனி. அதற்கு ஒரு அழகான தந்திரம் உண்டு: ப்ளேடைக் காற்று தள்ளும் திசையிலேயே சற்றுச் சாய்த்து அடுக்குவது. கம்ப்ரஸரில் அது சுழற்சிக்கு எதிர்ப்பக்கமும் கொஞ்சம் முன்பக்கமும். சாய்ந்த ப்ளேடை மையவிலக்கு விசை நிமிர்த்தப் பார்க்கும். அந்த நிமிர்த்தல் காற்றின் வளைவை எதிர்த்து நிற்கும். ஆசைப்பட்டு முழுவதும் சமன்செய்துவிடாதீர்கள். உயரத்தில் காற்று மெலிந்து தள்ளுவிசை குறையும். சுழற்சி வேகமோ குறையாது. கடல்மட்டத்தில் கச்சிதமாகச் சமன் செய்த ப்ளேடு, 35,000 அடியில் எதிர்த்திசையில் வளைந்து நிற்கும். பாதியளவு சமன் செய்து நிறுத்துவது நல்லது.

நிலையான தகைவைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: அதிர்வுக்குக் கிடைக்கும் இடம் கூடுகிறது. நிலையான தகைவு ஏற ஏறத் தாங்கும் அதிர்வு எவ்வளவு குறைகிறது என்று காட்டும் குட்மேன் கோட்டில் போட்டுப் பாருங்கள். உடையும் வலிமை 900, நிலையான சுமையே இல்லாதபோது தாங்கும் அதிர்வு வீச்சு 400 மெகாபாஸ்கல் என்று வைத்தால், 289 நிலைத்தகைவில் 272தான் மிச்சம். 194 என்றால் 314. விரிசல் விட்ட பிறகு நமக்கு வேண்டியிருப்பது இந்த மிச்சம்தான்.

அறிகுறி: அடியில், மேடைக்குச் சற்று மேலே விரிசல், சில மணி நேரத்திலேயே, ஒரு குறிப்பிட்ட வேகத்தில்

இது ஒத்ததிர்வு: உதை வரும் வேகமும் ப்ளேடின் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றிவிடுவது. பெரும்பாலும் முதல் வளைவு முறை, அதாவது அடி அசையாமல் ப்ளேடு முழுவதும் ஒரே பக்கமாக வளைந்தாடுவது. சந்தேகமிருந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள்: மேடையும் (ப்ளேடு எழும் தட்டையான தளம்) ப்ளேடும் சேரும் வளைந்த மூலையான ஃபில்லட்டிலிருந்து கிளம்பி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி வளைகோடுகள் பரவியிருக்கும்.

கையில் எடுக்க வேண்டியது காம்பெல் படம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த வில்ஃபிரட் காம்பெல், நீராவி டர்பைன் வட்டுகள் உடைவதை ஆராய்ந்து 1924-ல் வெளியிட்டது அது. நூறு ஆண்டு கழித்தும் அதைவிட உருப்படியான ஒரு தாளை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கிடை அச்சில் வேகம், செங்குத்து அச்சில் அதிர்வெண். ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு உதைகள் என்று மூலையிலிருந்து விசிறி போல் கோடுகள். ப்ளேடின் இயல்பு அதிர்வெண்கள் இடமிருந்து வலமாகச் சற்று ஏறும் வளைகோடுகள். இரண்டும் வெட்டும் இடம் ஆபத்து.

நம் மாதிரி ப்ளேடு நிற்கும்போது 380 ஹெர்ட்ஸ் என்போம். சுழலும்போது மையவிலக்கு விசை அதை விறைப்பாக்கும். சுழற்சி வர்க்கத்தின் 1.7 மடங்கு, அதிர்வெண் வர்க்கத்தோடு கூடுகிறது என்று வைப்போம். உச்ச வேகத்தில் அது 461 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். சுற்றுக்கு இரண்டு உதைக் கோட்டை 15,000 சுற்றுக்கு அருகில் வெட்டும். அது உச்ச வேகத்துக்கு மேலே, கவலை இல்லை. சுற்றுக்கு மூன்று கோட்டை 8,440 சுற்றில் வெட்டுகிறது. உச்ச வேகத்தில் 70 சதவீதம் ஐடிலிங் என்றால், 8,400. மாட்டிக்கொண்டோம். விமானம் ஓடுபாதைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம் ப்ளேடு தன் இயல்பு அதிர்வெண்ணில் உதை வாங்கிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் முன்பு செய்த குறுக்கம் இரண்டாவது முறை கைகொடுக்கிறது. நுனியை இலேசாக்கி அடியை விறைப்பாக்கினால் முதல் வளைவு அதிர்வெண் ஏறும். 380-ஐ 440 ஆக்கினால் மூன்றாம் கோட்டு வெட்டு 9,770-க்கும், நான்காம் கோட்டு வெட்டு 6,980-க்கும் போய்விடும். ஐடிலிங் இரண்டுக்கும் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது டிசைன் வேலையில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். இது அதில் ஒன்று. 9,770-ல் இருக்கும் வெட்டு? வேகம் கூட்டும்போது கடந்து போகிற இடம்தான் என்று விடலாம், ஆனால் யாரும் அந்த வேகத்தில் நீண்ட நேரம் நிற்கமாட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு. விமானி எங்கே நிற்பார் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

உதைப்பது யார் என்றும் பாருங்கள். சுற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு போன்ற சின்ன எண்கள் நுழைவாயிலின் காற்றுச் சீரின்மையிலிருந்து வரும்: வளைந்த குழாய், பக்கக் காற்று, முன்னால் நிற்கும் சில தாங்கு கம்பிகள். ஆறு கம்பி இருந்தால் ஆறாம் கோட்டைத் தடித்த பேனாவில் வரையுங்கள்.

அறிகுறி: நுனி மூலை மட்டும் பிய்ந்து போயிருக்கிறது

அடி பத்திரமாக இருக்கும். பின்விளிம்பு நுனியில் முக்கோணமாக ஒரு துண்டு காணாது. எலி கொறித்த மாதிரி. இது உயர் அதிர்வெண் முறை. ப்ளேடு தன் நாணின் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலம்) குறுக்காக நெளிகிறது. உதைப்பது பக்கத்து ஸ்டேட்டர், அதாவது சுழலாமல் நிற்கும் வரிசை; அதன் ப்ளேடுகளை வேன் என்பார்கள். 40 ஸ்டேட்டர் வேன்கள் இருந்தால் உச்ச வேகத்தில் நொடிக்கு 8,000 உதை.

வேன் எண்ணிக்கையை மாற்றுவதுதான் மலிவான தீர்வு. 40-ஐ 44 ஆக்கினால் வெட்டும் இடம் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கீழே நகரும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடைவெளியைக் கூட்டினால் உதை மெலியும்; ஆனால் இன்ஜின் நீளமாகும், எடை கூடும், அதற்கு ஒருவர் வந்து உங்களைக் கேள்வி கேட்பார். இன்னொரு வழி, வளையத்தின் மேல் பாதியில் ஒரு எண்ணிக்கை, கீழ் பாதியில் வேறு எண்ணிக்கை என்று வேன்களை அடுக்குவது. ஒரே அதிர்வெண்ணில் குவிந்திருந்த உதை அக்கம்பக்கத்துக்குச் சிதறிவிடும். உச்சம் தணியும்; பதிலுக்கு, முன்பு அமைதியாக இருந்த வேகங்களிலும் லேசாக அதிரும்.

நுனி மூலையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஓட்டியவர்களும் உண்டு. இல்லாத மூலை உடையாது அல்லவா.

அறிகுறி: அதிர்வெண் சுழற்சி வேகத்தின் முழு மடங்காக இல்லை

இங்கே காம்பெல் படத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். கோடுகள் எங்கும் வெட்டவில்லையே, ப்ளேடு ஏன் அதிர்கிறது என்று குழம்பினால் சந்தேகப்பட வேண்டியவர்கள் இரண்டு பேர்.

முதலாமவர் சுழலும் ஸ்டால். சில ப்ளேடுகளில் காற்று பிரிந்து ஒரு செத்த பகுதி உருவாகி, அது ரோட்டர் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் சுற்றி வரும். ரோட்டர் நொடிக்கு 200 சுற்று, செத்த பகுதிகள் மூன்று, பாதி வேகம் என்றால் ப்ளேடுக்கு நொடிக்கு 300 உதை. எண்ணிக்கையும் வேகமும் நிலைக்கு நிலை மாறுவதால் இதை முன்கூட்டிக் குறிவைத்துத் தப்பிப்பது கடினம். ப்ளேடைத் திருத்துவதைவிட ஸ்டாலையே வராமல் செய்வதுதான் வழி.

இது 1950-களின் பெரிய தலைவலி. அழுத்த விகிதத்தைக் கூட்டக் கூட்ட, குறைந்த வேகத்தில் முன் நிலைகள் மூச்சுத் திணறின. ரோல்ஸ்-ராய்ஸின் ஏவான் இன்ஜின் தொடக்கத்தில் வேகம் பிடிக்க மறுத்து, முதல் நிலை ப்ளேடுகளையும் உடைத்துக்கொண்டது. பிறகு ஆம்ஸ்ட்ராங் சிட்லியின் சஃபையர் கம்ப்ரஸரைப் பார்த்து முன் நிலைகளை மாற்றி அமைத்துத்தான் கரையேறினார்கள். போட்டிக் கம்பெனியின் கம்ப்ரஸர் அது, கௌரவம் பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் கெர்ஹார்ட் நொய்மன் குழு வேறு பாதையில் போனது: ஜே79 இன்ஜினில் 17 நிலைகள், ஒற்றை ரோட்டர். நுழைவு வேன்களும் முதல் ஆறு ஸ்டேட்டர் வரிசைகளும் வேகத்துக்கேற்பத் திரும்பும். குறைந்த வேகத்தில் அவை மூடிக்கொண்டு, காற்று ப்ளேடைச் சந்திக்கும் கோணத்தைச் சரிசெய்யும். நடு நிலைகளிலிருந்து காற்றை வெளியே விடும் வால்வு எளிமையானது. கஷ்டப்பட்டு அழுத்திய காற்றை வீணாக்குவது அதன் குறை.

திரும்பும் வேன் உள்ள இன்ஜினில் திடீரென்று இந்த அறிகுறி வந்தால், டிசைனைத் தொடும் முன் வேன்கள் சொன்ன கோணத்தில்தான் நிற்கின்றனவா என்று பாருங்கள். நெம்புகோல் புஷ் (தாங்கு வளையம்) தேய்ந்து ஒரு வேன் மட்டும் தப்பாக நின்றால், அதுவே ஒரு சுற்றுக்கு ஒரு உதை வேறு கொடுக்கும்; அது மட்டும் முழு மடங்கில் தெரியும்.

இரண்டாமவர் ஃப்ளட்டர். இங்கே உதைப்பவரே இல்லை. ப்ளேடு தானே ஆடி, அந்த ஆட்டத்துக்குக் காற்றிலிருந்து சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. சில நொடிகளில் வீச்சு எகிறிவிடும். நீண்டு மெலிந்த ப்ளேடுகளுக்கும், ஸ்டால் எல்லைக்கு அருகில் ஓடுபவற்றுக்கும் இது வரும். ஒரு அதிர்வு முடிவதற்குள் காற்று எத்தனை நாண் நீளம் கடந்துவிடுகிறது என்று பாருங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் ஆபத்து. குறைக்க அதிர்வெண்ணைக் கூட்டுங்கள் அல்லது நாணை அகலப்படுத்துங்கள்.

பழைய மருந்து, ப்ளேடின் பாதி உயரத்தில் சின்னத் தோள்கள் வைத்து ஒன்றையொன்று முட்டுக்கொடுக்க வைப்பது. விறைப்பு கிடைக்கும், உராய்வில் அதிர்வும் அடங்கும். ஆனால் அந்தத் தோள் தானே ஒரு தொங்கும் எடை. காற்றோட்டத்துக்கும் நடுவில் நின்று தொல்லை. ரோல்ஸ்-ராய்ஸ் 1984-ல் சேவைக்கு வந்த ஆர்பி211-535இ4 விசிறியில் தோளை ஒழித்துவிட்டு, அகல நாண் ப்ளேடுகளை வைத்தது. அகலமாக்கினால் எடை ஏறுமே? உள்ளே குடைந்து தேன்கூட்டு அமைப்பை வைத்தார்கள். மறுபடியும் அதே கதை: எடுத்து எடுத்துத்தான் விறைப்பைச் சம்பாதித்திருக்கிறார்கள்.

அடுத்தடுத்த ப்ளேடுகளின் அதிர்வெண்ணை வேண்டுமென்றே சற்று வேறுபடுத்தி வைப்பதும் உதவும். எல்லோரும் ஒரே தாளத்தில் ஆடினால்தான் ஃப்ளட்டர் கூட்டாக வளரும்.

அறிகுறி: ஒரே நிலையில் ஓரிரு ப்ளேடுகள் மட்டும் மீண்டும் மீண்டும் போகின்றன

பொருள் குறை என்று சப்ளையரைத் திட்டும் முன் ப்ளேடுகளைத் தட்டி அதிர்வெண் எடுங்கள். தயாரிப்பு வேறுபாட்டால் ஒவ்வொன்றும் ஓரிரு சதவீதம் விலகியிருக்கும். அந்த விலகலே அதிர்வுச் சக்தியை ஒரு சில ப்ளேடுகளில் கொண்டுபோய்க் குவிக்கும். சராசரி ப்ளேடைவிட இரண்டு மடங்கு வாங்கும் ப்ளேடும் உண்டு. ஃப்ளட்டருக்கு மருந்தாக இருந்த வேறுபாடு இங்கே நோயாக வருகிறது. ஒட்டுமொத்த வட்டையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் ஒரே ஒரு ப்ளேடை வைத்துத் தகைவு பார்த்தவர்களுக்கு இது பிடிபடவே பிடிபடாது.

அறிகுறி: டவ்டெயில் முகத்தில் பொடி, அதனடியில் விரிசல்

டவ்டெயில் என்பது டிஸ்கின் காடியில் செருகும், புறா வால் வடிவ ப்ளேடு அடி. ப்ளேடைக் கழற்றினால் தொடும் முகங்களின் ஓரத்தில் கறை. எஃகு என்றால் செம்பழுப்புப் பொடி, டைட்டேனியம் என்றால் கருமை. அழுத்திப் பிடித்த இரண்டு முகங்கள் மைக்ரான் கணக்கில் உரசிக்கொள்வதால் வரும் அரிப்பு அது. தொடர்பு முடியும் விளிம்பில் தகைவு குத்திட்டு நிற்கும், அந்த இடத்தில்தான் கீறலும் விழும், அங்கிருந்து விரிசல். உரசலில் சேதமான டைட்டேனியத்தின் அயர்ச்சி வலிமை பாதிக்கும் கீழே போய்விடுவது சாதாரணம்.

தொடும் முகம் சட்டென்று முடியாமல், லேசான குவிவோடு விலகிப் போகும்படி செய்யுங்கள். முகம் முடியும் இடத்துக்குக் கீழே ஒரு மென்மையான பள்ளம் கொடுத்தால் விசையின் பாதை விளிம்பைச் சுற்றிப் போகும். முகத்துக்குத் தாமிரம்-நிக்கல்-இண்டியம் பூச்சு, அதன்மேல் மாலிப்டினம் டைசல்ஃபைடு உலர் மசகு என்பது பல காலமாக நடக்கும் ஏற்பாடு. பூச்சு தேய்ந்து போகும் என்பதை மறக்காதீர்கள். பூச்சு நோயைத் தள்ளிப்போடும், தீர்க்காது.

தீர்வு வேண்டுமென்றால் இணைப்பையே எடுத்துவிட வேண்டும். ப்ளேடும் டிஸ்கும் ஒரே துண்டு: பிளிஸ்க். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் டி700 இன்ஜினில் ஐந்து அச்சு நிலைகளும் அப்படித்தான். டவ்டெயிலும் அதைச் சுமக்கும் தடித்த விளிம்பும் போய்விடுவதால் டிஸ்கின் சுமை நன்றாகக் குறையும். விலை? உராய்வில் அடங்கிவந்த அதிர்வுக்கு இனி அடக்குவாரில்லை. ஒரு ப்ளேடு நசுங்கினால் அதை மட்டும் மாற்றவும் முடியாது. சிறிய, பின் நிலைகளுக்கு நான் யோசிக்காமல் பிளிஸ்க் என்பேன். பறவையும் கல்லும் வாங்கும் முதல் நிலைக்கு, யோசித்துத்தான்.

அறிகுறி: டிஸ்கில், துளை ஓரத்தில் விரிசல்

இந்த வழிமுறையில் நீங்கள் பதற வேண்டிய ஒரே இடம் இது. உடைந்த ப்ளேடை இன்ஜின் உறை தாங்கிவிடும். உடைந்த டிஸ்கை எதுவும் தாங்காது.

ஒரே தடிமனுள்ள முழு வட்டின் விளிம்பு நொடிக்கு 300 மீட்டரில் சுற்றினால், டைட்டேனியத்தில் மையத் தகைவு 164 மெகாபாஸ்கல். அதே வட்டின் மையத்தில் ஒரு குண்டூசித் துளை போடுங்கள். துளை ஓரத்தில் 329. துளை எவ்வளவு சின்னதானாலும் தகைவு அதே இரட்டிப்புதான். தண்டு போக வழி வேண்டுமே என்று துளைபோட்டே ஆகவேண்டிய டிஸ்குகளுக்கு, உள்விளிம்பைச் சுற்றித் தடித்த வளையம் விடுவது இதற்காக. சேர்ப்பது பலன் தரும் அபூர்வ இடம். ஏனென்றால் அச்சுக்கு அருகில் இருக்கும் உலோகம் தன்னையும் சுமந்து, வெளியே இருப்பதையும் பிடித்துக்கொள்ளும்.

உள்வளையத்துக்கும் வெளிவிளிம்புக்கும் இடையிலுள்ள மெல்லிய வலைப்பகுதியில் போல்ட் துளைகள் இருந்தால் முதல் வேலை அவற்றை அங்கிருந்து கிளப்புவது. டிஸ்கிலிருந்து பக்கவாட்டில் ஒரு கை நீட்டி, தகைவு குறைந்த அந்த ஃபிளேஞ்சில் துளைகளை வையுங்கள். இன்னும் நல்லது, போல்ட்டையே ஒழித்துவிட்டு நிலைகளை உராய்வு வெல்டிங்கில் ஒரே பீப்பாயாகச் சேர்ப்பது.

துளை போடும் விதமும் டிசைன்தான். 1996 ஜூலை 6 அன்று ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் புறப்பட ஓடிக்கொண்டிருந்த எம்டி-88 விமானத்தின் ஜேடி8டி இன்ஜினில் விசிறி ஹப் (விசிறி ப்ளேடுகளைத் தாங்கும் நடு வட்டு) உடைந்து, துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்தன. இரண்டு பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது, ஹப்பில் ஒரு துளையைத் துளைக்கும்போது சூடு ஏறி, சுவரில் உலோகத்தின் நுண்ணமைப்பே மாறியிருந்தது. விரிசல் அங்கிருந்து தொடங்கியது. கணக்கில் அந்தத் துளை சரியாகத்தான் இருந்திருக்கும். அதனால் வரைபடத்தில் விட்டத்தையும் சொரசொரப்பையும் எழுதி நிறுத்தாமல், துளைக்கும் வேகம், கருவி மாற்றும் கணக்கு, குளிர்விப்பு எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள்.

துளையே இல்லாத இடத்தில், உலோகத்தின் உட்புறத்திலிருந்து விரிசல் கிளம்பினால் டைட்டேனியத்தின் தயாரிப்பைப் பாருங்கள். 2017 செப்டம்பர் 30 அன்று கிரீன்லாந்துக்கு மேலே ஏ380 ஒன்றின் ஜிபி7200 இன்ஜின் விசிறி ஹப் உடைந்து பனியில் விழுந்தது. 2019-ல் அந்தத் துண்டைப் பனியிலிருந்து தோண்டி எடுத்துப் பார்த்தபோது, ஒரே திசையில் அடுக்கிய படிகங்களின் பெரிய திட்டு ஒன்றில் விரிசல் தொடங்கியிருந்தது தெரிந்தது. உச்சத் தகைவிலேயே நீண்ட நேரம் நிற்பதும் டைட்டேனியத்துக்கு ஆகாது. சாதாரண வெப்பநிலையிலும் கூட.

பின் நிலை டிஸ்குகளுக்கு வெப்பத் தகைவும் உண்டு. இன்ஜினை முடுக்கினால் விளிம்பு உடனே சூடேறும், தடித்த உள்வளையம் சோம்பேறித்தனமாகப் பின்னால் வரும். முழுவதும் கட்டுண்ட டைட்டேனியத்தில் 100 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 100 மெகாபாஸ்கல். நிக்கல் கலவையில் 250. உள்வளையத்தை அளவுக்கு மீறித் தடியாக்கினால் இது ஏறும். கொஞ்சம் சூடான காற்றை உள்ளே கசியவிட்டு வளையத்தையும் கூடவே சூடாக்குவது, வெட்டித் திருத்துவதைவிட மேல்.

அறிகுறி: முன்விளிம்பில் சின்ன வடு, அங்கிருந்தே முறிவு

கல், பனிக்கட்டி, ஓடுபாதையில் கிடந்த திருகு. வடு சின்னது, ஆனால் கூர்மையானது. உள்ளூர்த் தகைவு மூன்று மடங்காவது சகஜம். முன்விளிம்பை லேசாகத் தடிப்பாக்கலாம். காற்றியக்கக் குழு அலறும். இன்னொரு வழி, விளிம்பில் முன்கூட்டியே அமுக்கத் தகைவை ஏற்றி வைப்பது. சின்னச் சின்னக் குண்டுமணிகளைப் பரப்பின் மேல் அடிக்கும் முறையில் அது மி.மீ.-யில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழம் போகும். லேசர் அதிர்ச்சி முறையில் ஒரு மி.மீ. வரை. பி-1பி குண்டுவீச்சு விமானத்தின் எஃப்101 இன்ஜின் விசிறி ப்ளேடுகள் இப்படி வடுவிலிருந்து உடைந்தபோது, ஜெனரல் எலக்ட்ரிக் லேசர் முறையை 1990-களில் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. வடு அமுக்கப் பகுதிக்குள்ளேயே நின்றுவிட்டால் விரிசல் வாய் திறக்காது.

அறிகுறி: நுனி உரசல்

உறையின் உள்பூச்சு தேயும் வகையாக இருக்கட்டும், ப்ளேடு தேயக்கூடாது. டைட்டேனியம் ப்ளேடும் டைட்டேனியம் உறையும் நேருக்கு நேர் உரசும் டிசைன் உங்கள் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள். டைட்டேனியம் தீப்பிடிக்கும், பிடித்தால் சில நொடிகளில் உறையைத் துளைத்துவிடும். 600 டிகிரி செல்சியஸை நெருங்கும் பின் நிலைகளில் எப்படியும் நிக்கல் கலவைதான்.

அறிகுறி: எல்லாம் திருத்தியும் அளவீடு பழைய அதிர்வையே காட்டுகிறது

முதலில் அளவியைச் சந்தேகியுங்கள். ப்ளேடில் ஒட்டிய திரிபு அளவி (உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று அளப்பது) அந்த ஒரு ப்ளேடை மட்டுமே பார்க்கும். அடி வாங்குவது பத்து ப்ளேடு தள்ளி இருக்கலாம். உறையில் உணரிகளை வைத்து ஒவ்வொரு நுனியும் வந்துசேரும் நேரத்தை அளந்தால் எல்லா ப்ளேடும் தெரியும். ஆனால் நம் மாதிரி நிலையில் நுனி வேகம் நொடிக்கு 440 மீட்டர். கடிகாரம் ஒரு மைக்ரோவினாடி பிசகினால் நுனி 0.44 மி.மீ. வளைந்ததாகப் பொய் சொல்லும். உயர் அதிர்வெண் முறைகளில் உண்மையான வளைவே அதைவிடக் குறைவாக இருக்கும்.